மத்னும் ஷரஹும்: லினக்ஸ் இயங்குதளத்தின் சிறப்புப் பதிப்புகள் – ஒரு வரலாற்று நோக்கு

அரபுக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் நம்மைப் போன்றோரின் நாவில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் மூன்று: மத்ன், ஷரஹ், ஹாஷியா. மூலநூல், அதன் விரிவுரை, விரிவுரைக்கு ஓரக்குறிப்பு. இமாம் ராஃபிஈ (ரஹ்) இயற்றிய 'அல்முஹர்ரர்' நூலைச் சுருக்கி இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹி. 676/கி.பி. 1277) 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஆக்கினார்கள். அந்த மின்ஹாஜுக்குப் பின்வந்தோர் விரிவுரைகள் பல எழுதினர். மூலம் ஒன்று, காலத்திற்கும் இடத்திற்கும் படிப்போரின் தரத்திற்கும் ஏற்ப அதிலிருந்து கிளைத்தவை பல. நமது ஃபிக்ஹ் மரபு இவ்வாறே வளர்ந்தது.

இந்த மரபைச் சொல்லிக் கணினி இயங்குதளத்தைப் பற்றிய கட்டுரையைத் தொடங்குவது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் உண்டு. நமது கல்லூரி நூலகத்தின் மூலையில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் முன்னாள் மாணவர் ஒருவர் அதில் 'ஸபீலி' என்னும் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தார். தொழுகை நேரங்களைத் தானே கணக்கிட்டு அறிவிக்கும் அது நமது மாணவர்களின் மனங்கவர்ந்த ஒன்றாக இருந்தது. இன்று அதற்குப் புதுப்பிப்பு ஏதும் வருவதில்லை. இணையத்தில் அதை இணைப்பதும் பாதுகாப்பன்று. அண்மையில் ஆலிம் வகுப்பு மாணவர் ஒருவர், "இதைச் செய்தவர்கள் ஏன் நிறுத்திவிட்டார்கள் ஹஜ்ரத்?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

மூலத்தின் தோற்றம்

கணினியின் உறுப்புகளை ஆட்சி செய்து, பிற நிரல்கள் இயங்க இடமளிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். 1980களின் தொடக்கத்தில் இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் தனிச்சொத்தாக மாறிவிட்டிருந்தன. அவற்றின் மூல நிரலைப் படிக்கவோ, திருத்தவோ, அண்டை வீட்டாருக்குப் படியெடுத்துக் கொடுக்கவோ அனுமதியில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்நிலையை ஏற்க மறுத்தார். 1983 செப்டம்பர் 27 அன்று 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் இயக்கலாம், ஆராய்ந்து மாற்றலாம், படியெடுத்துப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம் என்னும் நான்கு உரிமைகளை உடைய முழுமையான இயங்குதளம் ஒன்றை உருவாக்குவது அவரது நோக்கம்.

அந்நோக்கத்தைக் காப்பதற்கென 1989-இல் க்னூ பொது உரிமம் வெளிவந்தது. இவ்வுரிமத்தின் கீழ் வெளியான நிரலை எவரேனும் மாற்றி வெளியிட்டால், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமைகளுடனேயே தர வேண்டும். பொதுவில் இருந்து எடுத்ததைத் தனதாக்கிப் பூட்டி வைக்கலாகாது. இதைப் படிக்கும்போது வக்ஃபின் நினைவு எழுவது இயல்பே. இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வக்ஃப் சொத்தை விற்கலாகாது. இம்மென்பொருளை விலைக்கு விற்கத் தடையில்லை. ஆயினும் பொதுநன்மைக்கென விட்டது மீண்டும் தனியுடைமை ஆகக்கூடாது என்னும் கருத்தில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன.

க்னூ திட்டம் பல கருவிகளை உருவாக்கியபோதும், அனைத்தையும் தாங்கும் கருப்பகுதி நிறைவுபெறவில்லை. 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் சிறு இயங்குதளம் ஒன்றைப் பற்றி அறிவித்தார். அதுவே லினக்ஸ். தொடக்கத்தில் வணிகப் பகிர்வைத் தடுத்த உரிமத்துடன் இருந்த அதை 1992-இல் அவர் க்னூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். கருவும் கருவிகளும் இணைந்தன, மத்ன் உருவாயிற்று.

பொதிகளும் ஸனதும்

கருவும் கருவிகளும் தனித்தனியே கிடைத்தால் சாதாரணப் பயனருக்குப் பயனில்லை. அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, நிறுவத்தக்க வடிவில் தருவோர் வேண்டும். அவ்வாறு தரப்படுவதையே 'வழங்கல்' என்கின்றனர். 1992-இலேயே சில வழங்கல்கள் தோன்றின. அவற்றின் பிழைகளைக் கண்டு மனம்வெதும்பிய இயன் முர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியன் திட்டத்தை அறிவித்தார். எந்த நிறுவனத்திற்கும் உடைமையாகாமல், தன்னார்வலர்களால் நடத்தப்படுவது டெபியனின் தனித்தன்மை. 1997-இல் அது தனது சமூக ஒப்பந்தத்தை வெளியிட்டது. அவ்வொப்பந்தத்தின் ஒரு பகுதியான கட்டற்ற மென்பொருள் நெறிகளே 1998-இல் 'திறமூலம்' என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்க அடிப்படையாயின.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு 'பொதி'. ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் உண்டு. பொறுப்பாளர் தமது மறைக்குறியீட்டு ஒப்பத்தை இட்டே பொதியை அனுப்ப வேண்டும். அந்த ஒப்பம் அவருடையதுதான் என்பதற்கு என்ன சான்று? டெபியன் உறுப்பினர்கள் நேரில் சந்தித்து, அடையாள ஆவணங்களைப் பார்த்து, ஒருவர் ஒப்பத்திற்கு மற்றவர் சான்றளிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியுள்ளனர். நேரில் கண்டவரின் சாட்சியத்தால் கோக்கப்பட்ட நம்பிக்கைச் சங்கிலி அது. ஸனத், இஜாஸா ஆகியவற்றின் நடுவே வாழும் நம்மைப் போன்றோருக்கு இம்முறையை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

2004 அக்டோபரில் மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியால் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உபுண்டு வெளிவந்தது. எளிதில் நிறுவத்தக்க அது சாதாரண மக்களிடையே லினக்ஸைப் பரப்பியது. டெபியனுக்கு ஷரஹ் உபுண்டு எனில், உபுண்டுவுக்கு எழுந்த ஹாஷியாக்கள் எண்ணற்றவை.

தேவைக்கேற்ற கிளைகள்

மூல நிரலும் மாற்றும் உரிமையும் கையில் இருந்ததால், தத்தம் தேவைக்கேற்பச் சிறப்புப் பதிப்புகளை அமைத்துக்கொள்ளப் பலரும் முன்வந்தனர். சிலவற்றைக் காண்போம்.

ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட நாப்பிக்ஸ், கணினியில் எதையும் நிறுவாமல் குறுந்தகட்டிலிருந்தே முழு இயங்குதளத்தையும் இயக்கிக் காட்டியது. பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்போர்க்கு அது அருமருந்தாயிற்று. பின்னர் பார்வையற்றோர் திரையின் துணையின்றிக் கேட்டே இயக்கும் முகப்பு ஒன்றும் அதில் சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகமும் 2004-இல் 'சயின்டிஃபிக் லினக்ஸ்' பதிப்பைக் கொணர்ந்தன. துகள் இயற்பியல் ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் நீள்பவை. உலகெங்கும் பரவிய ஆய்வகங்களின் கணினிகள் அனைத்திலும் மாறாத ஒரே சூழல் நெடுங்காலம் நீடிக்க வேண்டும். ரெட் ஹாட் நிறுவனம் தனது வழங்கலைக் கட்டணச் சந்தா முறைக்கு மாற்றியபோது, அதன் மூல நிரலை எடுத்து மீளக் கட்டமைத்து ஆய்வகங்கள் பயன்படுத்திக்கொண்டன. உரிமம் அதற்கு இடமளித்தது.

2009-இல் தோன்றிய டெயில்ஸ் வேறொரு தேவைக்கானது. சிறு நினைவகத்திலிருந்து இயங்கும் இது இணையத் தொடர்பு அனைத்தையும் டோர் வலையமைப்பின் வழியே செலுத்துகிறது; அணைத்தவுடன் கணினியில் தடயம் ஏதும் விடாதவாறு வடிவமைக்கப்பட்டது. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க அரசின் கண்காணிப்புத் திட்டங்களை வெளிப்படுத்தியபோது, அவருடன் தொடர்புகொண்ட இதழாளர்களுக்கு இது துணைநின்றது. இதற்கு மாறாக, கணினிப் பிணையங்களின் ஓட்டைகளைச் சோதித்தறியும் வல்லுநர்க்கென 2013-இல் காலி லினக்ஸ் வெளிவந்தது. மறைப்பதற்கு ஒன்று, துருவுவதற்கு ஒன்று. இரண்டுக்கும் மத்ன் டெபியனே!

இந்தியாவில், சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏற்ற பாஸ் லினக்ஸை 2007-இல் வெளியிட்டது.

எக்ஸ்ட்ரமதுராவும் நார்வேயும்

நமது வினாவுக்கு விடை தேடுகையில் இரு நாடுகளின் பள்ளிக்கூட அனுபவம் பெரிதும் உதவுகிறது.

ஸ்பெயினின் தென்மேற்கில் போர்ச்சுகல் எல்லையை ஒட்டியுள்ளது எக்ஸ்ட்ரமதுரா மாநிலம். அந்தலுஸ் வரலாறு படித்தோர்க்குப் பதல்யவ்ஸ் என்னும் பெயர் அறிமுகமாகியிருக்கும். ஹி. மூன்றாம் நூற்றாண்டில் இப்னு மர்வான் நிறுவிய, பின்னர் அஃப்தஸீ சிற்றரசர்களின் தலைநகராக விளங்கிய அந்நகரமே இம்மாநிலத்தின் இன்றைய பதஹோஸ். ஸ்பெயினின் வறிய மாநிலங்களுள் ஒன்றான இது 2002-இல் டெபியனிலிருந்து 'லின்எக்ஸ்' என்னும் தனது பதிப்பை உருவாக்கியது. உரிமக் கட்டணத்திற்குச் செலவாகும் பணத்தைக் கணினிகளுக்குத் திருப்பி, உயர்நிலைப் பள்ளிகளில் இரு மாணவர்க்கு ஒரு கணினி என்னும் நிலையை எய்தியது. ஓவியம் தீட்டும் நிரலுக்கு அம்மண்ணின் ஓவியர் சுர்பரானின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தனர். உலகெங்கிலுமிருந்து அதிகாரிகள் சென்று பார்த்தனர். ஆயினும் அரசின் ஆதரவையே பெரிதும் நம்பி நின்ற அப்பதிப்பு, ஆட்சியும் நிதிநிலையும் மாறியபின் 2010களின் முற்பகுதியில் நின்றுபோயிற்று.

நார்வேயில் 2001-இல் தன்னார்வலர்கள் 'ஸ்கோலெலினக்ஸ்' என்னும் பள்ளிப் பதிப்பைத் தொடங்கினர். தமது மொழியில் இயங்கும், பள்ளிகள் தாமே பேணத்தக்க இயங்குதளமே அவர்களின் குறிக்கோள். அவர்கள் எடுத்த ஒரு முடிவு அதன் விதியை நிர்ணயித்தது. தாங்கள் செய்த மாற்றங்களைத் தனியே வைத்துக்கொள்ளாமல், டெபியனுக்கே திருப்பி அளித்து, 'டெபியன் எடு' என்னும் டெபியனின் உட்பகுதியாகவே ஆகிவிட்டனர். 2023-இல் டெபியன் 12 வெளிவந்தபோது அதனுடன் சேர்ந்தே டெபியன் எடுவும் வெளிவந்தது. மருத்துவத் துறைக்கெனத் தொடங்கிய 'டெபியன் மெட்' முயற்சியும் இவ்வழியையே பின்பற்றியது.

ஒரே மூலத்திலிருந்து ஒரே நோக்கத்துடன் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிளைத்தவை இரண்டு. ஒன்றுக்குப் பின்னால் அரசு இருந்தது; மற்றொன்றுக்குப் பின்னால் தன்னார்வலர் குழு இருந்தது. அரசின் பதிப்பு ஓய்ந்தது. தன்னார்வலர் பதிப்பு நீடித்தது. மூலத்தோடு கொண்ட தொடர்பே இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம் என்பது நமது கருத்து.

துருக்கியின் பர்துஸ் இதற்கு மற்றொரு சான்று. அந்நாட்டு அறிவியல் ஆய்வுக் கழகமான துபிதாக் 2005-இல் வெளியிட்ட இப்பதிப்பு, பொதிகளைக் கையாளும் கருவியைக்கூடச் சொந்தமாகவே எழுதிக்கொண்டது. சிறந்த கருவி என்று பாராட்டும் பெற்றது. ஆனால் ஆயிரக்கணக்கான பொதிகளைத் தனித்து நின்று பேணும் சுமை பெரிது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் பர்துஸ் டெபியனை அடிப்படையாக ஏற்றது, இன்றளவும் வாழ்கிறது.

ஸபீலியின் கதை

இனி நமது நூலகக் கணினிக்கு வருவோம். 2007-இல் 'உபுண்டு முஸ்லிம் பதிப்பு' என்னும் பெயரில் தொடங்கிய முயற்சியே பின்னர் 'என் பாதை' எனப் பொருள்படும் ஸபீலி ஆயிற்று. உபுண்டுவின் மேல் முஸ்லிம்களுக்குத் தேவையான மென்பொருள்களை ஒருங்கே சேர்த்துத் தந்தது அது. குர்ஆனை ஓதவும் மொழிபெயர்ப்புகளுடன் தேடவும் 'ஸிக்ர்'. தொழுகை நேரங்களை அறிவிக்க 'மின்பர்'. துஆக்களை நினைவூட்ட 'முனாஜாத்'. ஹிஜ்ரி நாட்காட்டிக்கு 'ஹிஜ்ரா'. குழந்தைகளுக்குத் தகாத இணையப் பக்கங்களை வடிகட்ட ஒரு கருவி. பதிப்புகளுக்குத் தைபா, காஸா, மனாராத், அல்குத்ஸ், பத்ரு, உஹது எனப் பெயரிட்டனர். 2011-இல் வந்த உஹதே கடைசி. அதற்கு அடிப்படையான உபுண்டு 11.10-இன் ஆதரவுக்காலம் 2013 மே மாதத்தோடு முடிந்தது. அன்றுமுதல் பாதுகாப்புத் திருத்தங்களும் இல்லை.

இத்தகைய பதிப்பைப் பேணுவது எத்துணைப் பணி என்பதை மின்பர் ஒன்றைக் கொண்டே உணரலாம். ஃபஜ்ரின் தொடக்கம் சூரியன் அடிவானத்திற்குக் கீழே எத்தனை பாகை இருக்கும்போது என்பதில் அமைப்புகளிடையே வேறுபாடு உண்டு. ராபிதா 18 பாகை என்றும், எகிப்தியக் கணக்கு 19.5 பாகை என்றும், வட அமெரிக்கக் கணக்கு 15 பாகை என்றும் கொள்கின்றன. அஸ்ருக்கு நிழல் ஒரு மடங்கா இரு மடங்கா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் வேறுபாட்டை நாமறிவோம். இவை அனைத்தும் நிரலுக்குள் அமைய வேண்டும். உபுண்டுவோ ஆறு மாதத்திற்கொரு முறை புதுப்பதிப்பு வெளியிடுவது. ஒவ்வொரு முறையும் எல்லாக் கருவிகளையும் சோதித்துப் பொருத்தித் தர வேண்டும். விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர்கள், பிழைப்புக்கான பணி போக எஞ்சிய நேரத்தில் இதைச் செய்து வந்தனர். பயன்பெற்ற நாமோ நன்றி சொன்னோம், துஆச் செய்தோம், தோள்கொடுக்கவில்லை. குறை நம்மிடமே.

ஆயினும் ஸபீலியோடு எல்லாம் அழிந்துவிடவில்லை. 2001-இல் தோன்றிய 'அரபையீஸ்' என்னும் தன்னார்வக் குழு, லினக்ஸுக்கு அரபு மொழி வசதியைக் கொணர உழைத்தது. தொழுகை நேரமும் ஹிஜ்ரி தேதியும் கணிக்கும் நிரலகத்தை அக்குழு உருவாக்கியது. மின்பர் அதன் மீதே எழுந்தது. இவை டெபியனின் பொதுக் களஞ்சியத்துக்குள் பொதிகளாகச் சேர்க்கப்பட்டதால், ஸபீலி நின்றபின்னும் சாதாரண டெபியன், உபுண்டு பயனர்க்குக் கிடைத்து வந்தன. கிளையில் மட்டும் வைத்தது கிளையோடு போயிற்று. வேருக்கு ஊற்றிய நீர் பயன்தந்தது.

மாற்றலாகாத நூலும் மாற்றத்தக்க நிரலும்

ஈண்டு ஒரு நுண்ணிய சிக்கலையும் குறிப்பிட வேண்டும். கட்டற்ற மென்பொருளின் உயிர்நாடி மாற்றும் உரிமை. அல்லாஹ்வின் வேதத்திலோ ஓர் எழுத்தையும் மாற்ற எவருக்கும் உரிமையில்லை. 2007-இல் தொடங்கிய 'தன்ஸீல்' திட்டம், இணையத்தில் பிழைகளுடன் உலவிய குர்ஆன் படிகளுக்கு மாற்றாக, மதீனா முஸ்ஹஃபுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த ஒருங்குறி வடிவத்தை வெளியிட்டது. ஸிக்ர் உள்ளிட்ட பல செயலிகள் அதைப் பயன்படுத்தின. அதன் நிபந்தனை: படியெடுக்கலாம், பரப்பலாம், மாற்றலாகாது. டெபியன் தன் களஞ்சியத்தில் உள்ளவை மாற்றத்தக்கவையாக இருக்க வேண்டும் எனக் கோருவது. இரண்டும் நேருக்கு நேர் முரண்படுவதாகத் தோன்றும்.

கருவியை உரையினின்று பிரித்து நோக்கினால் இச்சிக்கல் தெளிவடைகிறது. முஸ்ஹஃபை வைக்கும் ரிஹாலைத் தச்சர் தம் விருப்பப்படி செதுக்கலாம். முஸ்ஹஃபில் கைவைக்க அவருக்கு உரிமையில்லை. நிரல் ரிஹாலைப் போன்றது. அதில் திருத்தமும் புதுமையும் வேண்டும். வேதத்தில் வேண்டுவது பிறழாத பாதுகாப்பு மட்டுமே.

முதவல்லி யார்?

வரலாறு உணர்த்தும் மற்றொரு பாடமும் உண்டு. மூலம் யார் கையில் இருக்கிறது என்பதும் கிளையின் வாழ்வை நிர்ணயிக்கிறது. ஃபெர்மி ஆய்வகம் 2019-இல் சயின்டிஃபிக் லினக்ஸின் அடுத்த பதிப்பைக் கைவிட்டு, சென்ட்ஓஎஸ் வழங்கலுக்கு மாற முடிவுசெய்தது. 2020 டிசம்பரில் ரெட் ஹாட் நிறுவனம் அந்தச் சென்ட்ஓஎஸ் வழங்கலின் வழக்கமான வடிவையே 2021 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. உலகின் மாபெரும் ஆய்வகங்களும் புதிய இடம் தேட நேர்ந்தது. 2022-இல் அவை அல்மாலினக்ஸைத் தேர்ந்தன. சயின்டிஃபிக் லினக்ஸ் 2024 ஜூன் மாதத்தோடு நிறைவெய்தியது. ஒரு நிறுவனத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்ட மூலத்தைச் சார்ந்திருப்போர் அம்முடிவின் விளைவையும் சுமந்தாக வேண்டும்.

வக்ஃப் எவ்வளவு வளமானதாயினும் முதவல்லி இல்லையேல் பாழடையும் என்பதற்கு நமது ஊர்களிலேயே சான்றுகள் உண்டு. உரிமம் மென்பொருளைப் பொதுவாக்குகிறது. பேணும் கைகளை அது தருவதில்லை. டெபியன் ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளரை வைத்திருப்பதன் பொருள் இதுவே.

ஆகவே நமது மாணவர்க்கு நாம் சொன்ன விடை இது. ஸபீலியைச் செய்தவர்கள் தம்மால் இயன்றதைச் செய்தனர். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்க எவரும் வராததால் அது நின்றது. இனி ஒரு தனிப் பதிப்பைத் தொடங்குவதினும், பொதுமூலத்தில் உள்ள ஒரே ஒரு பொதிக்கு முதவல்லி ஆவது மேல். மொழிபெயர்ப்புத் தெரிந்தவர் தமிழில் மொழிபெயர்க்கலாம். ஃபிக்ஹ் அறிந்தவர் தொழுகை நேரக் கணக்கின் பிழையைச் சுட்டலாம். அரபு அறிந்தவர் எழுத்துருவைச் சோதிக்கலாம்.

ஒரு பொதியில் என்ன வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 'ஹார்ஃப்பஸ்' என்று ஒரு நிரலகம் உண்டு. 'திறந்த எழுத்து' எனப் பொருள்படும் பாரசீகச் சொற்களால் ஆன பெயர் அது; ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதை வளர்த்தெடுத்தார். அரபு எழுத்துகள் சொல்லின் முதல், இடை, கடைக்கேற்ப வடிவம் மாறி இணைவதையும், தமிழில் 'கொ' எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னும் அமைவதையும் அதே நிரலகம் கவனித்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், ஆண்ட்ராய்டு என எங்கும் அது பணிபுரிகிறது. அது ஒரு தனிப் பதிப்புக்குள் அடைபட்டிருந்தால் இவ்வளவு பேருக்குப் பயன்பட்டிருக்குமா?

பொன்னானியில் கி.பி. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தமது 'குர்ரதுல் ஐன்' நூலுக்குத் தாமே 'ஃபத்ஹுல் முஈன்' என ஷரஹ் எழுதினார்கள். மலபார்க் கரையில் எழுந்த அந்நூல் மக்காவை அடைந்து, 19-ஆம் நூற்றாண்டில் அங்கே அதற்கு 'இஆனதுத் தாலிபீன்' என்னும் ஹாஷியா எழுந்தது. இன்று உலகின் பல பகுதிகளில் மூன்றும் ஒருங்கே ஓதப்படுகின்றன. அந்தக் கிளை மூலமரபோடு கொண்ட தொடர்பை அறுத்துக்கொள்ளாததால் நிலைத்தது. பாடத்தில் இதைப் பயிலும் நமது மாணவர்கள், கணினியின் முன் அமரும்போதும் இதை நினைவிற்கொள்வார்களாக.